ஏற்றம் எறிந்த கல்

கிணறு ஊறுக. கரை நிலைக்க. விதைத்தவர் வீட்டுக்கே விளைச்சல் போய்ச் சேர்க.

ஏரிகளுக்கும் கிணறுகளுக்கும் காவலர், காரணம் சொல்லிக் கட்டளையிடும் குடியில் பிறந்தவர், செங்குவளை நாட்டுக் கோமான் நெடுமுடித் தேவர் எழுதுவித்த ஓலை. மல்லையூர் அரியணையில் வீற்றிருப்பவரும், பஞ்சகாலத்தில் களஞ்சியக் கதவையே கழற்றி வைத்தவர் என்று புலவர்களும் பசித்தவர்களும் ஒருசேரப் புகழும் பெருமைக்கு உரியவருமான அரசி அணிமலர் மாதேவியார் திருமுன் இது வைக்கப்படுக. தங்கள் குடைநிழல் நீள்க. தங்கள் எல்லையில் இனி ஒரு கல்லும் வானத்திலிருந்து விழாதிருக்க.

வழக்கப்படி இந்த இடத்தில் செங்குவளை நாட்டின் பெருமை நான்கு வரி வரவேண்டும். இந்த ஓலைக்கு அது வேண்டாம் என்று கோமான் சொல்லிவிட்டார்.

செய்தி இது. தங்கள் சிறையில் இருக்கும் ஏற்றத் தச்சர் சேந்தனின் இரண்டு கைகளும் வரும் அமாவாசை அன்று மணிக்கட்டோடு களையப்படும் என்று தாங்கள் தீர்ப்பளித்திருக்கிறீர்கள். தங்கள் தீர்ப்பில் பிழை இல்லை. அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையாக எங்கள் நாடு அனுப்பிய சொல்லில்தான் பிழை. சென்ற முறை கோமானின் இலச்சினையோடு தங்கள் அவைக்கு வந்த ஓலை பொய் சொன்னது.

அந்தப் பொய் பிறந்த கதையைச் சொல்லாமல் தச்சரை விடுவிக்கக் கேட்பது முறையாகாது. ஆகவே எங்கள் மகாமந்திரி காரி நக்கனார் செய்தவை அனைத்தும் கீழே எழுதப்படுகின்றன. அவர் தம் வாயால் கோமானிடம் சொன்னவை இவை. அவர் மனத்தில் ஓடியவையும் அவர் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கின்றன. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

எங்கள் நாட்டுக் கல்பெட்டி ஏற்றத்தைத் தாங்கள் அறிவீர்கள். நெடுமரம் ஒன்று கவைக்காலின் மேல் குறுக்கே கிடக்கும். ஒரு நுனியில் நீர் இறைக்கும் சால், மறுநுனியில் கல் நிரப்பிய பெட்டி. சாலைக் கிணற்றுக்குள் இழுத்து இறக்கினால் போதும். நிறைந்த சாலைப் பெட்டியின் கனமே மேலே தூக்கிவிடும். மரத்தின் மேல் ஆள் ஏறி மிதிக்க வேண்டியதில்லை. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி தனியாளாக நின்று ஒரு வயலை நனைத்துவிடலாம். வறட்சி வந்தபோது தாங்கள் எங்களிடம் கேட்டதும் இதைத்தான்; பொன்னையோ படையையோ கேட்கவில்லை.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நக்கனார் நீர்மங்கலத்துக்குக் கிணறுகளைப் பார்வையிடப் போனார். அங்கே ஒரு தோட்டக் கிணற்றில் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். சேறு நிரம்பிய சாலைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தவனின் கை வழுக்கியது. பெட்டி தரையில் இடித்தது, மரம் வானத்துக்குத் துள்ளியது, கயிறறுந்த சால் தோட்டத்து மதிலைத் தாண்டிப் போய், வெளியே நிழலில் நிறுத்தியிருந்த மந்திரியின் பல்லக்குக்குள் விழுந்தது. பட்டு மெத்தை முழுவதும் சேறு.

ஊர் ஒரு கணம் நடுங்கியது. பிறகு கூட்டத்தில் யாரோ, மந்திரியார் மண்ணைப் பார்க்க வந்தார், மண் மந்திரியாரைப் பார்க்கப் போய்விட்டது என்று சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பல்லக்குத் தூக்கிகளும் சிரித்தார்கள். நக்கனார் மட்டும் சிரிக்கவில்லை. சால் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். சேற்றுக்குப் பதில் பாறை என்றால்? தோட்டத்து மதிலுக்குப் பதில் ஊர் மதில் என்றால்?

அதுவரை அவர்மேல் குற்றமில்லை. நாட்டைக் காக்கும் பொறுப்பில் இருப்பவர் அஞ்ச வேண்டியதற்கு அஞ்சினார். அன்றே அவர் கோமானிடம் வந்திருந்தால் இந்த ஓலை எழுதப்பட்டிருக்காது. அவர் வரவில்லை. கேள்வியோடு வருபவன் அமைச்சன் அல்லன், விடையோடு வருபவனே அமைச்சன் என்பது அவர் எண்ணம். எவ்வளவு நீள மரம் ஆபத்தானது, எவ்வளவு கனமான பெட்டி ஆபத்தானது என்று தெரியாமல் எதை விலக்குவது? அளந்து பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தார்.

அளக்க ஒரு தச்சர் வேண்டும். சேந்தனை அழைத்தார். உளியைத் தொட்டுச் சத்தியம் வாங்கினார்: இங்கே நடப்பதை, யார் சொல்லி நடந்தது என்பதை, உயிர் போனாலும் வெளியில் சொல்வதில்லை. உளியைத் தொட்டுச் சொன்ன சொல்லை மீறிய தச்சனின் கையால் எங்கள் நாட்டில் யாரும் நிலைப்படி வைக்க மாட்டார்கள். சேந்தன் சத்தியம் செய்தார்.

கைவிடப்பட்ட யானைக் கொட்டாரத்தின் பின்வெளியில் வேலை நடந்தது. முதல் கல் முன்னால் போகாமல் பின்னால் பறந்து கொட்டாரத்தின் கூரையை உடைத்தது. சேந்தன் தலையைச் சொறிந்துகொண்டு, “ஐயா, பகைவன் முதுகுப்புறமாக வந்தால் இது உதவும்” என்றார். நக்கனாருக்கும் சிரிப்பு வந்தது. மரத்தை மாற்றினார்கள். பெட்டியை மாற்றினார்கள். ஒருநாள் மரம் எகிறிச் சேந்தனின் தோளில் அடித்தது. மறுநாளும் அவர் வந்தார். கடைசியில் ஒரு பாறை எழும்பி, மெல்லத் திரும்பி, யானைகளுக்காகக் கட்டிய அந்த உயர்ந்த மதிலை இலைபோல் தாண்டிப் போயிற்று. மதிலுக்கு அப்பால் அது விழுந்த அதிர்வு உள்ளங்காலில் தெரிந்தது.

அந்தக் கணத்தில் தம் நெஞ்சில் முதலில் எழுந்தது அச்சம் அன்று, பெருமை என்று நக்கனார் கோமானிடம் சொன்னார்.

மரத்தின் நீளம், பெட்டியின் கனம், கட்டும் முறை எதுவும் இந்த ஓலையில் எழுதப்படவில்லை. ஒருமுறை பாடம் நடத்தியது போதும்.

இப்போது எங்கள் நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காரணம் கூறாத முரசு செல்லாத முரசு என்பது எங்கள் சட்டம். இதைச் செய்யாதே என்று மட்டும் அறைந்தால் மக்கள் கேட்டுவிட்டு நெற்களத்துக்குப் போய்விடுவார்கள். அதற்காக அவர்களைத் தண்டிக்கவும் முடியாது. ஏன் செய்யக்கூடாது என்பதையும் சேர்த்து, மூன்று முறை அறைய வேண்டும். கோமானின் முன்னோர் ஏற்படுத்திய இந்த வழக்கத்தால் நாங்கள் மிகவும் செருக்குற்றிருந்தோம்.

நக்கனார் அவையில் எழுந்து, தாம் கணித்த அளவுக்கு மேற்பட்ட ஏற்றங்களை விலக்க வேண்டும் என்றார். அளவு எப்படித் தெரிந்தது என்று கோமான் கேட்டதற்கு, கணக்கிட்டுப் பார்த்தேன் என்றார். கோமான் அதற்குமேல் கேட்கவில்லை. காரணத்தை எந்த அளவுக்குச் சொல்வது என்று பேச்சு வந்தது. அரைகுறையாகச் சொன்னால் மக்கள் நம்ப மாட்டார்கள், முழுமையாகச் சொல்லுவோம் என்றார் நக்கனார். அவை தலையசைத்தது.

ஏற்றத் தச்சர் ஒருவரை அனுப்பித் தர வேண்டும் என்று கேட்க வந்திருந்த தங்கள் தூதர் இளநாகனார் அன்று அவையில் இருந்தார். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னது அனைவருக்கும் நினைவிருக்கிறது.

“எங்கள் ஊரில் பாம்பைக் கண்டால் பாம்பு என்று கூவுவோம், அவ்வளவுதான். பல் எங்கே இருக்கிறது, நஞ்சை எப்படிக் கறப்பது என்று தெருவில் நின்று சொல்லிக் கொடுக்க மாட்டோம்.”

நக்கனார் விடவில்லை. மல்லையூரில் மக்களுக்குக் காரணம் கேட்கும் பழக்கம் இல்லை போலும் என்றார். அவை வெடித்துச் சிரித்தது. இளநாகனாரும் தோற்றவர்போல் கைகூப்பிச் சிரித்தார். அவர் கேட்டபடி சேந்தனை அனுப்பி வைத்தோம்.

முரசு அறையப்பட்டது. இன்ன நீளத்துக்கு மேல் மரம் கூடாது. இன்ன கனத்துக்கு மேல் பெட்டி கூடாது. நுனியில் இன்னவாறு கயிறு கட்டக் கூடாது. ஏனென்றால் அவ்வாறு செய்தால் ஆள் தூக்க முடியாத பாறையும் மதிலைத் தாண்டிப் போய் விழும். ஒவ்வோர் ஊரிலும் மூன்று முறை. எல்லைச் சந்தையில் உப்பு வாங்க வந்திருந்த குறுக்குமலைத் தலைவன் வல்லனின் ஆட்கள், காதில் சரியாக விழவில்லை, அந்த அளவை இன்னொரு முறை சொல்லுங்கள் என்று பணிவாகக் கேட்டார்கள். முரசறைபவர் நல்லவர். நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

சட்டத்துக்கு அடங்கும் நல்லவர்கள் தங்கள் ஏற்றங்களை வெட்டிக் குறைத்தார்கள். குறைத்த மரம் ஆழக் கிணற்றின் நீரை எட்டவில்லை. மேட்டு நில ஊர்களில் பெண்கள் கையால் கயிறு இழுத்தார்கள். அவ்வழியே போன நக்கனாரை ஒருத்தி நிறுத்தினாள். உள்ளங்கை இரண்டும் அவளுக்குத் தோலுரிந்து கிடந்தன. “ஐயா, உங்கள் பல்லக்குத் தண்டை அளந்தாகிவிட்டதா? அதுவும் நீளமாகத்தான் இருக்கிறது” என்றாள். நக்கனார் திரையை இழுத்துக்கொண்டார். நாட்டைக் காப்பதற்குக் கொஞ்சம் கைவலி விலைதான் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டாராம்.

வல்லன் எதையும் வெட்டவில்லை. கட்டினான்.

தங்கள் எல்லையூரான கோடைமேட்டில் நடந்ததைத் தங்களுக்கு எழுதும் தகுதி எங்கள் எழுத்தாணிக்கு இல்லை. சந்தை நிறைந்திருந்த முற்பகலில், மதில் தங்களைக் காக்கும் என்று நம்பியிருந்தவர்கள் தலைமேல், மதிலைத் தாண்டிக் கல் விழுந்தது. குயவர் தெரு இருந்த இடத்தில் இன்று தெரு இல்லை. அன்று அவையில் பாம்புக் கதை சொன்ன இளநாகனாரின் வீட்டுக் கூரையும் உடைந்தது. அவருடைய வலக்கால் போயிற்று. தங்கள் குதிரைப்படை வல்லனைத் துரத்தியபோது அவன் பொறியை விட்டுவிட்டு ஓடினான். ஓடுமுன், செங்குவளை மந்திரியாருக்கு என் வணக்கம், எனக்கு ஆசான் இல்லாத குறையை அவர் தீர்த்தார் என்று கத்தினான். தங்கள் வீரர்கள் இதைக் கேட்டிருப்பார்கள்.

கைப்பற்றிய பொறியைப் பார்த்தால் ஏற்றம் போலவே இருந்தது. தங்கள் நாட்டில் ஏற்றம் நிறுவிக்கொண்டிருந்தவர் சேந்தன். பிடித்து விசாரித்தீர்கள். இதனால் கல் எறிய முடியும் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும், எறிந்து பார்த்திருக்கிறேன் என்றார். யார் சொல்லி என்று கேட்டீர்கள். உளியைத் தொட்டவர் வாயை மூடிக்கொண்டார்.

அப்போதும் தாங்கள் அவசரப்படவில்லை. கோமானுக்கு ஓலை விடுத்தீர்கள். செங்குவளை அரசின் ஆணையால் இவர் கல் எறிந்து பார்த்ததுண்டா? உண்டு என்றால் இவர் ஏவல் ஆள், விட்டுவிடுகிறோம். இல்லை என்றால் வல்லனுக்காகச் செய்து பார்த்தவர் என்றே கொள்வோம். இவ்வளவு நேர்மையான கேள்விக்கு எங்கள் நாட்டின் விடை வருமாறு இருந்தது: அளவுகளைக் கணக்கால் அறிந்தோம், எங்கள் நாட்டில் எவரும் கையால் செய்து பார்த்ததில்லை.

எழுதியவர் நக்கனார். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவர் நெடுநேரம் எண்ணிப் பார்த்தாராம். மதில் உடைக்கும் பொறியை முதலில் செய்தது செங்குவளை என்று ஊரெல்லாம் பேசும். நட்பு முறியும். எல்லையில் படை நிற்கும். ஒரு பக்கம் ஒரு நாட்டின் பெயர், மறுபக்கம் ஒரு தச்சனின் கை. தராசு எந்தப் பக்கம் தாழ்ந்தது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அரசியார் கருணை உள்ளவர், கசையடியோடு விட்டுவிடுவார் என்றும் அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார். கோமான் அந்த ஓலையைப் படித்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் இலச்சினை வைத்தார். எங்கள் நாட்டில் காரணம் கேட்காதவர் அன்று கோமான் ஒருவரே.

சேந்தனின் மனைவி வெண்ணி அவைக்கு வந்தாள். அழவில்லை. என் வீட்டுக்காரர் என்ன குற்றம் செய்தார் என்று கேட்டாள். நக்கனார் ஆறுதல் சொல்வதுபோல், இங்கே யாரும் கல் எறியச் சொல்லவில்லை அம்மா, எல்லாம் கணக்குப் போட்டு அறிந்ததுதான் என்றார்.

“கணக்குப் போட்டா அவர் தோள் வீங்கியது? யானைக் கொட்டாரத்திலிருந்து வந்து, மரம் அடித்துவிட்டது என்றார். யார் வேலை என்று கேட்டதற்கு, கேட்காதே, உளியைத் தொட்டிருக்கிறேன் என்றார். நான் பற்றுப் போட்டேன். மறுநாள் காலையில் எங்கள் வாசலில் வந்து, வேலைக்கு வர முடியுமா என்று விசாரித்தது உங்கள் பல்லக்குதானே, மந்திரியாரே? நான் எந்த உளியையும் தொடவில்லை. எனக்குச் சொல்லத் தடையில்லை.”

கோமான், நக்கனாரே, இது உண்மையா என்று கேட்டார். நக்கனார் தம் கால்விரல்களைப் பார்த்தார். உண்மை, நாட்டைக் காக்கத்தான் செய்தேன் என்றார்.

“செய்து பார்த்தது நாட்டைக் காக்க. பொய்?” என்று கோமான் கேட்டார்.

வெண்ணி யாரையும் வணங்காமல் வெளியே போனாள். அவளைத் தடுக்க வாயில்காவலருக்கும் மனம் வரவில்லை.

அரசியாரே, எங்கள் வெட்கம் இவ்வளவுதான் என்று அளந்து சொல்ல முடியவில்லை. தீங்கு செய்யக்கூடிய பொருளைக் கட்டுப்படுத்தப் புறப்பட்டு, தீங்கைச் செய்து பார்த்து, தீங்கைத் தெருவில் கற்பித்து, தீங்கற்றவர்களின் கிணறுகளை முடக்கி, கடைசியில் குற்றமற்ற ஒருவரின் கைகளை விலையாக வைத்தோம். வல்லன் எறிந்த கல்லுக்கு வல்லன் பொறுப்பு. அந்தக் கல்லுக்குச் சிறகு கொடுத்தவர்கள் நாங்கள்.

இனிக் கோமானின் ஆணைகள். வெட்டப்பட்ட ஏற்றங்களுக்குப் பதில் அரண்மனை மரக்காட்டிலிருந்து மரம் தரப்படும். நீருக்கான ஏற்றம் நீர் இறைக்கும். ஒவ்வோர் ஊரின் ஏற்றத்தையும் அவ்வூர்ச் சபை பருவந்தோறும் பார்க்கும். எல்லையோர ஊர்களில் தங்கள் ஆள் ஒருவரும் எங்கள் ஆள் ஒருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். கிணறில்லாத இடத்துக்கு ஒருவன் நெடுமரம் கேட்டால், எந்தக் கிணற்றுக்கு என்று தச்சர்கள் கேட்பார்கள். விடை வராவிட்டால் மரம் போகாது. முரசு இனியும் காரணம் சொல்லும். ஏன் கூடாது என்பதைச் சொல்லும். எப்படி முடியும் என்பதைச் சொல்லாது. இந்த வேறுபாட்டை நாங்கள் கோடைமேட்டின் செலவில் கற்றோம். தங்கள் முந்தைய ஓலையில், இரு நாட்டு ஏற்றங்களையும் எரித்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். எரிக்க வேண்டாம் என்று கோமான் வேண்டுகிறார். கல்லுக்கு அஞ்சி நீரை இழப்பது வல்லன் எறியும் இரண்டாவது கல்லாகிவிடும்.

கோடைமேட்டின் மதிலையும் குயவர் தெருவையும் எங்கள் ஆட்கள் வந்து கட்டித் தருவார்கள். போனவர்களைக் கட்டித் தர எங்களால் ஆகாது.

சேந்தன் செங்குவளை அரசின் ஆணையால்தான் கல் எறிந்து பார்த்தார். இதற்கு முன் வந்த ஓலை பொய். இந்த ஓலை மெய். அவருடைய கைகளை அவரிடமே விட்டுவிடுமாறு கோமான் தலைதாழ்த்திக் கேட்கிறார். உளியைத் தொட்டுச் செய்த சத்தியத்திலிருந்தும் அவரை விடுவிக்கிறார். அவர் இனி யார் பெயரையும் சொல்லலாம்.

ஓலையைக் கொண்டு வருபவரே அதை எதிர் அவையில் உரக்கப் படிக்க வேண்டும் என்பது இரு நாட்டுக்கும் பொது வழக்கம். இதுவரை தங்கள் திருமுன் இதைப் படித்தவர், ஒரு காலில்லாமல் அமர்ந்திருக்கும் இளநாகனாரின் முகத்துக்கு நேரே நின்று படித்தவர், மகாமந்திரி காரி நக்கனாரே. எந்த இடத்திலும் குரலைத் தாழ்த்தக் கூடாது, தம் பெயர் வரும் இடத்தில் எந்தச் சொல்லையும் விழுங்கக் கூடாது என்று அவருக்குக் கட்டளை. அப்படி விழுங்கியிருந்தால் ஓலையை வாங்கி வேறொருவரைப் படிக்கச் செய்யுங்கள்.

ஒரு வரி மீதமிருக்கிறது. அது கோமான் சொல்லி எழுதியது அன்று. கோமான் வேண்டாம் என்று மறுத்தார். நக்கனார் பிடிவாதமாக நின்று எழுதச் செய்தார்: குயவர் தெருவுக்கு இரண்டு கைகள் வேண்டும் என்றால், தச்சரின் கைகளைத் தேட வேண்டாம். இந்த ஓலையைப் பிடித்திருக்கும் கைகள் அருகிலேயே இருக்கின்றன.

நீர் வாழ்க. நெடுமுடித் தேவர் இலச்சினை. இம்முறை படித்து, கேட்டு, அறிந்து வைத்தது.